அப்பாவை பிலடெல்பியாவுக்கு அழைத்துப் போகலாமா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

நெஞ்சில் நீர் கோப்பது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு, முன்னாலேயே ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, ஆபரேஷன் நடக்கும்போதே நெஞ்சுக்குள் ஒளியைப் பாய்ச்சும் வைத்தியம். அந்தக் கடிதங்களை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலிக்காரர்கள் மன்னிக்கவும், அடுத்த மாதம் உங்கள் முறை.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் ஆலையில் 22 வருஷம் வேலை பார்த்தார். மூச்சு வாங்குகிறது என்று போனோம். இரண்டு தடவை நீர் எடுத்தார்கள், டிபி மாத்திரையும் நாலு மாதம் சாப்பிட்டார், கடைசியில் சதை எடுத்துப் பார்த்ததில் மீசோதீலியோமா என்று வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், "பிலடெல்பியாவில் ஆபரேஷன் செய்து உள்ளே லைட் அடிக்கிறார்கள், ஏழு வருஷம் வரை இருக்கிறார்களாம்" என்கிறான். வீட்டை அடமானம் வைத்தாவது போகலாம் என்கிறார் அம்மா. போகலாமா டாக்டர்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த டிபி மாத்திரை. யாரையும் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் பத்தில் பல பேருக்கு டிபிதான், எடுத்த நீரைப் பரிசோதித்தாலும் இந்த நோய் பல நேரம் அகப்படாது, உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.

சரி, ஏழு வருஷக் கதைக்கு வருவோம். உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில், ஜோசப் ஃப்ரீட்பெர்க் என்ற அறுவை நிபுணரின் குழு 2005 முதல் 2013 வரை 90 பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து, 2017-ல் கணக்கை வெளியிட்டது. நுரையீரலை எடுக்காமல் அதன் மேல் படர்ந்திருக்கும் உறையையும் கட்டியையும் மட்டும் உரித்தெடுத்துவிட்டு, பிறகு ஒளி. அந்த 90 பேரில் எபிதீலியாய்டு என்ற, ஒப்பிட்டால் கொஞ்சம் சாதுவான வகை நோய் இருந்தவர்கள் 73 பேர். அவர்களின் இடைநிலை ஆயுள் கிட்டத்தட்ட 3 வருஷம், அதாவது பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள். அந்த 73 பேருக்குள்ளும் நெறிக்கட்டிகளுக்கு நோய் பரவாதவர்கள் 19 பேர்தான். 7.3 வருஷம் என்ற எண் அந்த 19 பேருடையது. 90-ல் ஆரம்பித்து 19-க்கு வந்து நிற்கிறோம் பாருங்கள், அண்ணன் கடைசிப் படியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே யோசனையை அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990-களில் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்துச் சோதித்தது. சேர்ந்தவர்கள் 63 பேர். கட்டியைப் போதிய அளவு குறைக்க முடிந்தது 48 பேருக்கு. இடைநிலை ஆயுள் ஒளி வாங்கியவர்களுக்கு 14.4 மாதம், வாங்காதவர்களுக்கு 14.1 மாதம். 1997-ல் வந்த முடிவு இது. பத்து நாள் வித்தியாசத்தை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. பிறகு அறுவை முறையும் ஒளியை அளக்கும் விதமும் மாறின, அதனால் பழைய கணக்கை வைத்து ஒதுக்கக் கூடாது என்பது பென்சில்வேனியா குழுவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய நல்ல எண்கள் எல்லாம் அவர்களே பார்த்துப் பொறுக்கியெடுத்த நோயாளிகளிடமிருந்து வந்தவை. நெடிய ஆபரேஷனைத் தாங்குவார் என்று நம்பியவர்களைத்தான் மேசையில் படுக்க வைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் எந்த வைத்தியத்திலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒளியைவிட அந்த ஆபரேஷன்தான். பிரிட்டனில் 335 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோ மட்டும், மறு பாதிக்குக் கீமோவோடு உறையை உரிக்கும் இந்த ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். மார்ஸ்-2 என்று பெயர், 2024-ல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம், செய்துகொள்ளாதவர்களுக்கு 24.8 மாதம்! சிக்கல்களும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். அதில் ஒளி சேர்க்கப்படவில்லை என்பது உண்மை. தங்களைப் போல் கை தேர்ந்தவர்கள் செய்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்கும் முன் இந்த எண்ணை அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

என்ன செய்யலாம்? அப்பாவுக்கு விசா எடுக்காதீர்கள், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பயாப்சி பிளாக்கையும் ஸ்கேன் சிடியையும் முதலில் அங்கே அனுப்புங்கள். எந்த வகை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். எபிதீலியாய்டு இல்லாமல் சார்கோமட்டாய்டு என்ற இன்னொரு வகை என்றிருந்தால் ஆபரேஷன் பேச்சே வேண்டாம், அந்த வகைக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபிதான் கீமோவைவிட நன்றாகக் கேட்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், எல்லா வகையினரையும் சேர்த்து, இடைநிலை ஆயுள் 14.1 மாதத்திலிருந்து 18.1 மாதமாகக் கூடியது. விலை அதிகம், ஆனால் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அப்புறம் அண்ணனிடம் சொல்லி ஒரு போன் போட்டு, அந்த மருத்துவமனையில் இப்போதும் இது நடக்கிறதா, நடந்தால் ஆராய்ச்சியாகவா, கட்டணம் யார் தலையில் என்று கேட்கச் சொல்லுங்கள். ஃப்ரீட்பெர்க் 2015-லேயே அந்த மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். இந்த நோய்க்கு இந்த ஒளி மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்ததும் கிடையாது, ஆராய்ச்சி என்ற பெயரில்தான் நடந்தது. நானாக இருந்தால் போகமாட்டேன். ஆனால் அது உங்கள் அப்பா, அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: வெறும் வெளிச்சம் எப்படி சார் கேன்சரைக் கொல்லும்? எங்கள் தெருவிளக்கு கொசுவைக்கூடக் கொல்வதில்லை. – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெறும் வெளிச்சம் எதையும் கொல்லாது. மூன்று பேர் ஒரே இடத்தில் சேர வேண்டும்: ஒரு மருந்து, அந்த மருந்துக்குப் பொருத்தமான நிற ஒளி, ஆக்சிஜன். மருந்துக்கு போட்டோஃப்ரின் என்று பெயர். நம் இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஹீம் இருக்கிறதே, அதன் பங்காளி வகையறா. இருட்டில் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். ஒளி பட்டால் அந்தச் சக்தியை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும், அந்த ஆக்சிஜன் வெறிபிடித்த மாதிரி ஆகித் தொட்டதையெல்லாம் எரிக்கும். ஆனால் அதற்கு ஆயுள் மிக மிகக் குறைவு, ஒரு செல்லைக் கடந்து அடுத்த செல்லுக்குப் போவதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஒளி பட்ட இடத்தில் மட்டும் சேதம். கட்டிக்குப் போகும் பொடி இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் உசுப்பப்படுகிறது.

இது முதலில் தெரிய வந்தது மியூனிக்கில். ஆஸ்கார் ராப் என்ற மாணவர் அக்ரிடின் என்ற சாயத்தைப் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே அளவு சாயம், ஒரு நாள் சட்டென்று செத்தன, இன்னொரு நாள் நீந்திக்கொண்டே இருந்தன. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில் வித்தியாசம் அன்றைக்கு அறையில் இருந்த வெளிச்சம் என்று தெரிந்தது. 1900-ல் அதை எழுதினார். 1912-ல் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானிய மருத்துவர் ஒரு படி மேலே போய், போட்டோஃப்ரினின் தாய்ப்பொருளான ஹீமடோபார்ஃபிரின் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கி, ஆளே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அந்தப் படங்கள் இன்றும் பாடப் புத்தகங்களில் வருகின்றன. இந்த மாதிரி ஆட்களுக்கு வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

நமக்கும் இதில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள் சித்த வைத்தியர்கள். அதில் இருக்கும் சோராலென்தான் பிற்பாடு தோல் மருத்துவத்தில் புற ஊதா ஒளியோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்தானது. வேலை செய்யும் விதம் வேறு, ஆனால் மருந்தும் ஒளியும் சேர்ந்தால்தான் பலன் என்ற கணக்கு அதேதான்.

கேள்வி: சிவப்பு ஒளிதான் பாய்ச்சுவார்களாமே, ஏன்? ஆபரேஷன் தியேட்டரில் உண்மையில் என்னதான் நடக்கும்? நான் நர்சிங் மாணவி. – ஒரு வாசகி, வேலூர்

பதில்: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பாரம்மா. கையின் மறுபக்கம் சிவப்பாகத் தெரியும். டார்ச் கொடுப்பது வெள்ளை வெளிச்சம்தான், மற்ற நிறங்களையெல்லாம் இரத்தமும் சதையும் குடித்துவிட்டு சிவப்பை மட்டும் வெளியே விடுகின்றன. போட்டோஃப்ரின் நீலத்தைத்தான் அதிகம் உறிஞ்சும், ஆனால் நீலம் சதைக்குள் போகாதே. அதனால் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. அதுவும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரைதான் போகும்.

இந்த நோய்க்கு அந்தக் கொஞ்ச ஆழமே ஒரு வசதி. மீசோதீலியோமா ஓரிடத்தில் உருண்டையாகத் திரளாமல், நுரையீரலையும் விலா எலும்பின் உட்புறத்தையும் உதரவிதானத்தையும் இதய உறையையும் போர்வை மாதிரி மூடிப் படரும். அடிப்பிடித்த பால் சட்டியைச் சுரண்டியவர்களுக்குப் புரியும், கட்டி கட்டியாக வந்ததெல்லாம் போன பிறகும் மெல்லிசாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய அறுவை நிபுணரானாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தை எடுக்க முடியாது. ஒளியை அதற்குத்தான் அனுப்புகிறார்கள். பருமனான கட்டியை ஒளியால் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நடைமுறை இப்படி. ஆபரேஷனுக்கு 24 மணி நேரம் முன்னால் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நோயாளியின் தோலுக்கு வெளிச்சம் ஆகாது, தியேட்டர் விளக்கே சுட்டுவிடும் என்பதால் உடம்பைப் போர்த்தி மூட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பிலும் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது, இந்த மாதிரி மருந்து ஏற்றிய நோயாளிக்கு அதனாலேயே விரல் புண்ணானதாகப் பதிவு இருக்கிறது. நீ பின்னாளில் தியேட்டரில் நின்றால் கிளிப்பை விரல் மாற்றி மாற்றிப் போடு.

கட்டியையும் உறையையும் உரித்து முடிக்கவே பல மணி நேரமாகும். பிறகு நெஞ்சுக் குழியின் ஏழு இடங்களில், உச்சியில், முன்னும் பின்னும், உதரவிதானத்தின் மேல், இதய உறையின் மேல் என்று, சின்னச் சின்ன ஒளி அளக்கும் உணர்கருவிகளைத் தைத்து வைக்கிறார்கள். குழிக்குள் ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். வார்டில் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பில் ஏற்றும் வெள்ளைக் கொழுப்புத் திரவம் இன்ட்ராலிப்பிட் தெரியும் அல்லவா, அதையே மிக மிக நீர்க்கச் செய்தது, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைவிடத் தெளிவாக இருக்கும். அது ஒளியைச் சிதறடித்து மூலை முடுக்குக்கெல்லாம் அனுப்பும். லேசர் ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழையை, மயக்க மருந்துக்காரர் தொண்டையில் போடும் குழாய்க்குள்ளேயே செருகி, நுனி பலூனிலும் அந்தத் திரவத்தை நிரப்பி, ஒரு கோல் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அறுவை மருத்துவர் அதைக் கையில் பிடித்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது போல உள்ளே மெதுவாக நகர்த்துவார். தியேட்டரில் எல்லோருக்கும் கண்ணாடி. திரையில் ஏழு எண்களும் ஏறிக்கொண்டே இருக்கும், எந்த மூலை பின்தங்குகிறதோ அங்கே கோல் போகும், ஒவ்வொன்றும் சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல் என்ற ஒளிச் சக்தி அளவைத் தொடும் வரை. நடுவில் இரத்தம் கசிந்து திரவம் சிவந்தால் அந்த இரத்தமே ஒளியைக் குடித்துவிடும், எண்கள் நின்றுவிடும். கழுவி, புதுத் திரவம் ஊற்றி, மறுபடியும்.

நுரையீரலை விட்டு வைப்பது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதே குழு முதலில் 14 பேருக்கு நுரையீரலையே எடுத்துவிட்டு ஒளி கொடுத்தது, இடைநிலை ஆயுள் 8.4 மாதம். அடுத்த 14 பேருக்கு நுரையீரலை விட்டு வைத்து ஒளி கொடுத்தார்கள், 2011-ல் கணக்கை எழுதும்போது பாதிப் பேருக்கு மேல் உயிரோடு இருந்ததால் அந்த எண்ணைச் சொல்லவே முடியவில்லை.

கேள்வி: ரேடியேஷனும் இதுவும் ஒன்றுதானே? – ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. ரேடியேஷன் எக்ஸ்ரே குடும்பம், தோலுக்கு வெளியிலிருந்தே உடம்பை ஊடுருவும், ஓர் அளவுக்கு மேல் அதே இடத்தில் திரும்பக் கொடுக்க முடியாது. இது கண்ணால் பார்க்கக்கூடிய சிவப்பு வெளிச்சம், நெஞ்சைத் திறந்தால்தான் உள்ளே போகும்.

கேள்வி: என் சித்திக்கு உணவுக்குழாய்க் கட்டிக்கு எண்டோஸ்கோப்பி வழியாக இதே மருந்தை ஏற்றி ஒளி வைத்தார்கள், சிங்கப்பூரில். இப்போது திருச்சிக்கு வரப் போகிறார். இந்த வெயிலில் என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: மருந்து ஏற்றிய தேதி என்ன என்று முதலில் கேளுங்கள். குறைந்தது 30 நாள், சிலருக்கு 90 நாள்வரை தோலும் கண்ணும் வெயிலைத் தாங்காது. திருச்சியில் மே மாதம் என்றால் மருந்து ஏற்றாதவர்களே தாங்குவதில்லை. தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

முடியாது என்றால், விமானம் இரவில் இறங்குகிற மாதிரி டிக்கெட். முழுக்கை, கையுறை, அகலத் தொப்பி, நல்ல கறுப்புக் கண்ணாடி. சன்ஸ்கிரீன் பூசினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம், அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தை எழுப்புவதோ சாதாரண வெளிச்சம். ஜன்னலோர நாற்காலி வேண்டாம், மூடியில்லாத பிரகாசமான பல்புக்கு அடியில் உட்கார வேண்டாம், பல் டாக்டரிடம் போகவே வேண்டாம்.

ஆனால் பலரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. பயந்துபோய் ஆளை இருட்டறையில் அடைத்துவிடுவார்கள். அது கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மங்கலான வெளிச்சம் தோலில் மிஞ்சிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்கிறது, இருட்டில் வைத்தால் மருந்து அப்படியே கிடக்கும். சித்தி ஹாலில் உட்கார்ந்து திரைச்சீலையைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கட்டும். 30 நாள் ஆனதும் கையில் சின்ன இடத்தை மட்டும் பத்து நிமிஷம் வெயிலில் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் பொறுத்து சிவப்போ வீக்கமோ கொப்புளமோ இல்லை என்றால் மெல்ல மெல்ல வெளியே வரலாம். முகத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம், அங்கே தோல் வேறு மாதிரி.

கேள்வி: நாங்கள் முப்பது வருஷமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான் குடியிருக்கிறோம். கோவைக்காரர் மாதிரி எங்களுக்கும் வந்துவிடுமா? ராத்திரி தூக்கம் வரவில்லை. – ஒரு வாசகி, அரக்கோணம்

பதில்: தூங்குங்கள். உடையாத ஷீட்டுக்குக் கீழே இருப்பதும், ஆலையில் அந்தத் தூசியை 22 வருஷம் சுவாசிப்பதும் ஒன்றல்ல. நார் தூளாகிக் காற்றில் பறக்கும்போதுதான் வினை. ஆகவே அறுக்காதீர்கள், ஆணி அடிக்கத் துளை போடாதீர்கள், பாசியைப் பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். மாற்றுவதாக இருந்தால் ஷீட்டை நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள், உடைத்துத் தள்ளவும் கூடாது, உடைந்த துண்டை வாசலில் பள்ளம் நிரப்பப் போடவும் கூடாது.

பயமே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், இந்த நோய்க்குக் காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், என்று உலகம் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். அந்த 33 பேரில் சுரங்கத்தில் வேலை செய்யாமல், சின்ன வயதில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். நார் உள்ளே போய் நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருஷம் ஆகும். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் வந்திருக்கிறது, அதனால் கோவை வாசகர் அம்மாவுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம், கேட்டால் வெள்ளைக் கல்நார் சாதுவானது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றுதான் சொல்கிறது.

வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் கூரையைவிட அதுதான் அவசரம்.

கேள்வி: சிவப்பு லைட் தெரபி விளக்கு என்று ஆன்லைனில் 11,999 ரூபாய்க்கு வருகிறது. தினம் இருபது நிமிஷம் நெஞ்சில் காட்டினால் புற்றுநோய்ச் செல் சாகும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். மாமாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மருந்து ஏற்றாத உடம்பில் அது டார்ச் லைட். ஏற்றியிருந்தாலும் நெஞ்சுத் தோல், சதை, விலா எல்லாம் தாண்டி உறைவரை அந்த ஒளி போகாது. மாமாவுக்குப் பசி எடுக்கிறதா, ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேளுங்கள். முட்டினால் நீர் சேர்ந்திருக்கலாம், நாளைக்கே போய் எடுத்துவிடுங்கள். அந்த 11,999-ல் ஸ்கேனும் முடிந்து ஆட்டோவுக்கும் மிஞ்சும்.